நட்பும் நச்சுப் பழக்கமும்

“நம்ம பையன் நல்ல பையந்தான் சார், கூட்டாளிங்கதான் சரியில்லை.”

தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராக இருப்பவன் மாதம் ஒரு முறையாவது கேட்க நேரும் வாசகம் இது. நம் நாட்டுத் தமிழில் கூட்டாளி என்றால் வணிகப் பங்காளி அல்லன், நண்பன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தாயார் என் அறைக்கு வந்து இவ்வாசகத்தைச் சொல்லி, அடுத்த லயத்துப் பையன் ஒருவனைக் குறிப்பிட்டு வருந்தினார். அவருடைய மகன் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படித்து வந்தான். ‘வேப்’ என்று பிள்ளைகள் சொல்லும் மின்சிகரெட் அவன் புத்தகப் பையில் அகப்பட்டுவிட்டது. அன்று மாலையே அடுத்த லயத்துப் பையனின் தந்தையார் வந்தார். அவர் சொன்னதும் அதே வாசகந்தான். கை நீட்டிய திசை மட்டும் வேறு. கன்றையும் பன்றியையும் சேர்த்துச் சொல்லும் பழமொழியை இருவருமே கூறினர். இரண்டு வீட்டிலும் கன்றுதான் இருந்தது என்றால், பன்றி எந்த வீட்டில் இருந்தது?

விளையாட்டாகக் கேட்கும் கேள்வியன்று இது. பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் புகையையும் மதுவையும் போதைப் பொருளையும் நாடுவதில் நண்பர்களுடைய மனப்பாங்கு எவ்வளவு பங்கு கொள்கிறது என்பதை மேனாட்டு உளநூலாரும் சமூகவியலாரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்ட முடிவுகள் சில, பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் வழிவழியாக நம்பி வருவதற்கு மாறானவை. நான் படித்தறிந்த சிலவற்றையும், படித்தறியும் முன்னர் நானே செய்த ஒரு பிழையையும் இங்கு எழுதுகிறேன்.

இனம் இனத்தைத் தேடுகிறதா?

புகைபிடிக்கும் பையனின் நண்பர்களை எண்ணிப் பார்த்தால் அவர்களிலும் புகைப்போர் மிகுந்திருப்பர். இதில் ஐயமில்லை. ஆயின் இவ்வொற்றுமைக்குக் காரணங்கள் இரண்டு இருக்கலாம். கூடிய பின் ஒருவனைப் பார்த்து மற்றவன் மாறியிருக்கலாம். அல்லது, முன்னரே ஒத்த மனமுடையவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டு சேர்ந்திருக்கலாம். முன்னதைச் செல்வாக்கு என்றும் பின்னதைத் தேர்வு என்றும் அழைப்போம். ஒரே நாளில் எடுக்கும் கணக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. குளத்தில் இரண்டு வாத்துகள் சேர்ந்து நீந்துவதைக் கண்டவன், எது எதைப் பின்தொடர்ந்து வந்தது என்று எங்ஙனம் கூறுவான்?

இச்சிக்கலை அவிழ்க்க வழி கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கச் சமூகவியலார் டெனிஸ் காண்டெல் அம்மையார். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1978-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பள்ளியாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் மாணவரையும் அவர்தம் நெருங்கிய நண்பரையும் வினவினார். ஓர் ஆண்டுக்குள் சில நட்புகள் முறிந்தன. சில புதிதாக முளைத்தன. சில நிலைத்து நின்றன. இம்மூன்று வகை இணைகளையும் ஒப்பிட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. முறிந்துபோன நட்புகளில் இருந்தோர் தொடக்கத்திலேயே ஒற்றுமை குறைந்தவர்கள். புதிதாகக் கூடியவர்கள், கூடுவதற்கு முன்பே, ஒருவரையொருவர் நண்பர் என்று எண்ணாத காலத்திலேயே, ஓரளவு ஒத்திருந்தனர். நிலைத்த இணைகளோ ஆண்டிறுதியில் முன்னினும் ஒத்துப்போயின. கஞ்சாப் பழக்கத்திலும் சரி, சிறு குற்றங்களிலும் சரி, தேர்வும் செல்வாக்கும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்பதே அம்மையார் கண்ட முடிவு.

ஆகவே பழமொழி பாதி உண்மை. கன்று பன்றியோடு சேர்ந்து கெடுவதும் உண்டு. கெட விரும்பிய கன்று பன்றியைத் தேடிப் போவதும் உண்டு. என் அறைக்கு வந்த தாயாரும் தந்தையாரும் ஆளுக்குப் பாதி பொய்யும் பாதி மெய்யும் சொன்னார்கள் என்று நான் உணர்ந்தது வெகு நாள் கழித்துத்தான்.

செல்வாக்கு என்பதே வெறும் தோற்றமோ என்று சிலர் வாதிப்பதுண்டு. அவர்களுக்கு விடையாக ஒரே ஓர் ஆய்வைச் சுட்டலாம். கிரெமர், லெவி என்னும் பொருளியலார் இருவர் 2008-இல் வெளியிட்டது அது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிய மாணவர்களுக்கு விடுதி அறைத் தோழரைச் சீட்டுக் குலுக்குவது போல் ஒதுக்கினார்கள். தானே தேர்ந்துகொண்ட தோழன் அல்லன் அவன். ஆகவே தேர்வு என்னும் காரணம் இங்கே நுழைய வழியில்லை. பல்கலைக்கழகத்திற்கு வருமுன்னரே குடிப்பழக்கம் உடையவனோடு ஒரே அறையில் போடப்பட்ட ஆண் மாணவர்கள் தேர்வுகளில் மதிப்பெண் குறைந்து நின்றனர். பெண்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. ஏன் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

தனியே ஒருவன், கூட்டத்தில் வேறொருவன்

இளமையில் நண்பன் சொல் ஏன் இவ்வளவு ஏறுகிறது? பிள்ளைக்கு அறிவு போதவில்லை, ஆபத்து தெரியவில்லை என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். புகையிலையின் தீங்கைப் பற்றி எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவனை எழுப்பிக் கேட்டாலும் நுரையீரல், புற்றுநோய் என்று மனப்பாடமாக ஒப்புவிப்பான். அறிவுக் குறைவு அன்று அது.

அமெரிக்க உளநூலார் கார்ட்னர், ஸ்டெயின்பெர்க் ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட சோதனை இதை நன்கு விளக்குகிறது. கணினித் திரையில் ஒரு கார் ஓடுகிறது. மஞ்சள் விளக்கு எரிந்த பின்னும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி கிடைக்கும். ஆனால் எந்த நொடியிலும் சிவப்பு விளக்கு எரிந்து கார் சுவரில் மோதக்கூடும். பதின்மூன்று முதல் பதினாறு வயது வரை உள்ளவர்கள், இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், இருபத்து நான்கு வயதைக் கடந்தவர்கள் என மூன்று பிரிவினர் இதை ஆடினர். தனியே ஆடும்போது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுதான் துணிந்தனர். நண்பர் இருவர் அருகில் நின்று பார்த்தபோதோ சிறுவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு துணிந்தனர். இளைஞர்கள் ஓரளவு துணிந்தனர். பெரியவர்களிடம் மாற்றம் இல்லை. பின்னர் 2011-இல் இதையொத்த ஆட்டம் ஆடுவோரின் மூளையைக் கருவிகொண்டு படம் பிடித்தனர். நண்பர் பார்க்கிறார் என்று தெரிந்ததும், பரிசையும் இன்பத்தையும் உணரும் மூளைப் பகுதி சிறுவர்களிடம் மட்டும் மிகுதியாகக் கிளர்ந்ததைக் கண்டனர். நண்பன் கண் பார்க்கும்போது ஆபத்து சிறியதாகத் தோன்றுகிறது என்று சொல்வதைவிட, பரிசு பெரியதாகத் தோன்றுகிறது என்று சொல்வதே பொருந்தும்.

இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த பார்வையாளரைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. எட்டு வயது முதல் ஐம்பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள் அதில் பங்கு பெற்றனர். சாலையைக் கண்மூடித்தனமாகக் கடப்பது போன்ற செயல்களை ஒவ்வொன்றாகக் கூறி, எவ்வளவு ஆபத்தானது என மதிப்பிடச் சொன்னார்கள். பின்னர், பெரியவர்கள் இப்படி மதிப்பிட்டனர் என்றோ, பதின்ம வயதினர் இப்படி மதிப்பிட்டனர் என்றோ ஒரு கணக்கைக் காட்டி மீண்டும் கேட்டார்கள். எல்லா வயதினரும் பிறர் கருத்தின் பக்கம் சற்றே சாய்ந்தனர். ஏனையோர் பெரியவர் கருத்துக்கே அதிக மதிப்பளித்தார்கள், அல்லது இரண்டையும் ஒப்ப நோக்கினார்கள். பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்கள் மட்டுமே பெரியவர் கருத்தைக் காட்டிலும் தம் வயதினர் கருத்துக்கு அதிகமாகச் சாய்ந்தனர்.

பன்னிரண்டு வயது என்பதை வாசகர்கள் கருத வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் புகுமுக வகுப்புக்கோ முதலாம் படிவத்துக்கோ போகும் வயது அது. ஆறு ஆண்டுகள் ஒரே கொட்டகையில் ஒன்றாக அமர்ந்து படித்தவர்கள் பல பள்ளிகளுக்கும் பல வகுப்புகளுக்கும் சிதறுகிறார்கள். மொழியும் புதிது, முகங்களும் புதிது. நண்பர் இல்லாதவன் நண்பரைத் தேடும் அவசரத்தில் இருக்கும்போது, முதலில் கைநீட்டுகிறவன் யார் என்று ஆராய்ந்து பார்ப்பதில்லை.

சிரிப்பு செய்யும் வேலை

‘நண்பன் வற்புறுத்தினான்’ என்று நாம் சொல்லும்போது, ஒருவன் சிகரெட்டை வாயில் திணிப்பது போல ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். பள்ளிச் சுவரொட்டிகளிலும் அதையே வரைகிறோம். உண்மையில் பெரும்பாலும் அப்படி ஒன்றும் நடப்பதில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் டிஷியன் என்னும் உளநூலார் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவர்களை அவரவர் நண்பனுடன் ஓர் அறையில் அமர்த்தி, ஏறத்தாழ அரைமணி நேரம் பேசவிட்டுப் படம் பிடித்தார். பேச்சை அவர் இரு வகையாகப் பிரித்தார். விதியை மீறுவது, திருடுவது, ஆசிரியரை ஏய்ப்பது போன்றவை ஒரு வகை. மற்றவை எல்லாம் இன்னொரு வகை. ஒவ்வொரு பேச்சுக்கும் எதிரே இருந்தவன் சிரித்தானா, சும்மா இருந்தானா என்று குறித்துக்கொண்டார். நல்ல பிள்ளைகளின் இணைகளில் சாதாரணப் பேச்சுக்குச் சிரிப்புக் கிடைத்தது. விதிமீறல் பேச்சு எடுபடவில்லை. முன்னரே தவறிழைத்த பிள்ளைகளின் இணைகளிலோ விதிமீறல் பேச்சுக்கே சிரிப்புக் கிடைத்தது. சிரிப்புக் கிடைத்த பேச்சு வளர்ந்தது. அப்படிச் சிரிப்பு வாங்கிய சிறுவர்களே அடுத்த இரண்டு ஆண்டுகளில் புகை, மது, கஞ்சா ஆகியவற்றைத் தொடங்குவதில் முந்திக்கொண்டனர் என்று 1990-களில் அவரும் அவர் குழுவினரும் எழுதினர்.

யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. ஒருவன் சொன்னான், மற்றவன் சிரித்தான், அவ்வளவே நடந்தது. நண்பர்களின் மனப்பாங்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தச் சிரிப்பிலும், சிரிக்காமல் இருப்பதிலும் அடங்கிக் கிடக்கிறது.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். மேலே கூறிய இரு பையன்களும் அகப்பட்ட பின், தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் என்னிடம் வந்து, “நீங்கதான் சார் ஏதாவது செய்யணும், எங்க பேச்சைக் கேக்கமாட்டேங்கிறானுங்க” என்றார்கள். பள்ளி மண்டபத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு நான் முன்பிருந்தே மாலை வகுப்பு நடத்தி வந்தேன். அதில், பெயர் கெட்டுப்போன பையன்கள் எழுவரைப் பொறுக்கி எடுத்து, சனிக்கிழமைதோறும் காலையில் தனியே அழைத்தேன். பசியாறக் கொடுத்து, இரண்டு மணி நேரம் அறிவுரை, பின்னர்ச் சிறிது தோட்ட வேலை. எழுவரும் தவறாமல் வந்தார்கள். நான் மகிழ்ந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அதுவரை ஒருவரையொருவர் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த சிலர் இணைபிரியாத கூட்டாளிகளாகிவிட்டனர். செம்பனைக் காட்டின் ஓரத்தில் ஒரு பாழடைந்த பழைய கூடாரத்தில் அவர்கள் கூடுவதாகச் செய்தி வந்தது. கெத்தும் இலையைக் காய்ச்சிய நீர் வேறு உள்ளே நுழைந்துவிட்டது. வேப் மட்டும் அறிந்திருந்தவனுக்குக் கெத்தும் அறிந்தவனை அறிமுகம் செய்துவைத்தவன் நான்.

நன்மை செய்யப் போய்த் தீமை விளைத்தவர்களில் நான் முதல்வன் அல்லேன் என்று பின்னர் படித்தறிந்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகரங்களில் 1939-இல் தொடங்கி ஒரு பெருமுயற்சி நடந்தது. சிறுவர் பலருக்கு ஆலோசனையும் பாடமும் மருத்துவமும் கோடைக்கால முகாமும் அளித்தார்கள். அவர்களை ஒத்த வேறு சிறுவர்களை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கோர்ட் அம்மையார் இரு பிரிவினரையும் தேடிக் கண்டறிந்து 1978-இல் எழுதியபோது, உதவி பெற்றவர்களே மதுப் பழக்கம் முதலியவற்றில் சற்று மோசமான நிலையில் இருந்தனர். அவர்களிலும் கோடை முகாமுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டவர்கள் நிலைதான் மிக மோசம். டிஷியனும் மெக்கோர்ட்டும் இன்னொருவரும் சேர்ந்து 1999-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், வழி தவறிய சிறுவர்களை மட்டும் ஒரு குழுவாக்கிப் பயிற்சி அளிப்பது சில வேளைகளில் அவர்களைப் புகைப்பழக்கத்துக்கே பயிற்றுவிப்பதாகிவிடுகிறது என்று காட்டினார்கள். சிரிப்பவர்களை எல்லாம் ஒரே அறையில் சேர்த்துவிட்டுச் சிரிக்காதவர்களை வெளியே நிறுத்தினால் வேறென்ன விளையும்? கட்டொழுங்கு வகுப்பு, சீர்திருத்த முகாம் என்று நாமும் இதைத்தான் ஊக்கத்தோடு செய்கிறோம். நானும் செய்தேன்.

எல்லோரும் செய்கிறார்களா?

நண்பர்களின் மனப்பாங்கு என்பது ஒன்று. நண்பர்களின் மனப்பாங்கு இதுதான் என்று பிள்ளை நினைத்துக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை முதலில் அளந்து காட்டியவர்கள் பெர்கின்ஸ், பெர்க்கோவிட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள். நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் மாணவரைக் கொண்டு 1986-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான மாணவர் அளவோடு இருப்பதையே விரும்பினர்; ஆனால் ஏனைய மாணவர் தம்மைவிடத் தாராளமாகக் குடிப்பதை ஒப்புகிறார்கள் என்று நம்பினர். 1993-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரென்டிஸ், மில்லர் ஆகியோர் கண்டதும் அதுவே. குடிக்கூத்து ஒவ்வொருவருக்கும் உள்ளூர உறுத்தல். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே உறுத்துவதாக எண்ணியிருந்தனர். நாள் செல்லச் செல்ல ஆண் மாணவர்கள் தம் மனத்தையே அந்தப் பொய்யான பெரும்பான்மைக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டதாகவும் அவர்கள் எழுதினர். இல்லாத ஒரு கூட்டத்துக்கு அஞ்சிப் பணிவது வேடிக்கையாகத் தோன்றும். திருமண வீட்டுச் செலவை நினைத்துப் பார்த்தால் நாமும் அப்படித்தான் என்பது விளங்கும்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்று. 2022-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ள மாணவரில் மின்சிகரெட் பிடிப்போர் நூற்றுக்கு 14.9 பேர். 2017-இல் இது 9.8 ஆக இருந்தது. ஐந்தே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் அச்சந்தரத் தக்கதே. அத்துடன், 2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்த நாள் முதல், 2024 அக்டோபர் 1-இல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் வரை, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு அதை விற்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாமல் பதினெட்டு மாதம் ஓடிப்போயிற்று. அதே கருவியில் போதைத் திரவத்தை ஊற்றி விற்போரும் பிடிபட்டிருக்கிறார்கள். புகைக்கும் போதைக்கும் இடையே முன்பிருந்த வரப்பு அழிந்துவிட்டது. இவையெல்லாம் செய்தித்தாளில் நாம் படித்தவையே. ஆயின் அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பார்ப்பார் இல்லை. நூற்றில் எண்பத்தைந்து பிள்ளைகள் அதைப் பிடிக்கவில்லை என்றும் அக்கணக்கு சொல்கிறது. “இப்ப எல்லா பசங்களும் இழுக்குறானுங்க” என்று பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நாம் புலம்பும்போது, வாசலில் நின்று கேட்கும் பிள்ளையின் காதில் எல்லோரும் என்ற சொல்தான் விழுகிறது.

மாலை வகுப்பில் ஒரு நாள் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்லத் தகாத சிறு விளையாட்டு அது. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் இரண்டு வினா. உன் கூட்டாளி வேப் பிடிப்பது உனக்குப் பிடிக்குமா? இங்குள்ள மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறாயா? சீட்டுகளை மேசைமேல் கொட்டி அவர்கள் முன்னிலையிலேயே படித்தேன். முதல் வினாவுக்கு இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. இரண்டாவதற்கு ஆம் என்றே வந்துகொண்டிருந்தது. பத்துச் சீட்டு தாண்டியபோது மண்டபத்தில் சலசலப்பு நின்றுவிட்டது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததை நான் மறக்கவில்லை.

ஒருவன் வாய் திறந்தால் போதும் என்பதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. சாலமன் ஆஷ் என்பவர் 1950-களில் செய்த கோட்டுச் சோதனையை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்தோம். கண்ணெதிரே குட்டையாக உள்ள கோட்டைச் சுற்றியிருந்தோர் அனைவரும் நெட்டை என்று கூறினால், சோதனைக்கு வந்தவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை நெட்டை என்றே கூறிவிடுவார். ஆனால் சுற்றியிருந்தவரில் ஒரே ஒருவன் உண்மையைக் கூறிவிட்டால் அந்தப் பணிவு பெருமளவு மறைந்துபோகும். பயிற்சிக் கல்லூரியில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். பொருள் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

தொண்டர் படை

இளைஞர் கூட்டத்தின் மனப்பாங்கு குடிக்கு எதிராகத் திரும்பிய காட்சி நம் மண்ணிலேயே நடந்தது. போருக்கு முந்திய தோட்டங்கள் பலவற்றில் கள்ளுக்கடை லயத்துக்கு அருகிலேயே இருக்கும். சம்பள நாளன்று அங்கே போகாதவன்தான் ஊருக்கு வேடிக்கை. போர் முடிந்த பின், 1946, 1947 ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தனர். கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த மறியலைப் போலீசார் கலைத்தபோது உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவ்வியக்கத்தின் அரசியல் பக்கத்தையும், அது பின்னர் அடக்கப்பட்டதையும் வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன். குடிப்பவனைத் தண்டிக்கும் கடுமையும் அப்படையில் இருந்தது. அதை நான் ஒப்பவில்லை. இங்கு நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. கள்ளின் தீமை தெரியாமல் அதற்கு முன் அவர்கள் குடிக்கவில்லை. தீமை எல்லார்க்கும் தெரியும். உன் வயதுக்காரன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பதுதான் மாறியது.

நம் காலத்தில் ஐஸ்லாந்து நாடு வேறொரு வழியில் இதைச் செய்தது. அங்கே பதினைந்து, பதினாறு வயது மாணவரில், சென்ற ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்தவர்கள் 1998-இல் நூற்றுக்கு 42 பேர். 2016-இல் 5 பேர். நாள்தோறும் புகைப்பவர் 23-இலிருந்து 3 ஆயினர். சட்டமும் இருந்தது, விளையாட்டுக்கும் இசைக்கும் அரசாங்கம் பணமும் கொடுத்தது. என் கருத்தைக் கவர்ந்தது மற்றொன்று: பெற்றோர் தம் பிள்ளையின் நண்பரையும் அந்நண்பரின் பெற்றோரையும் அறிந்திருக்குமாறு பள்ளிகள் ஏற்பாடு செய்தன. முன்னாளில் நம் லயங்களில் இதற்கு ஏற்பாடே தேவைப்படவில்லை. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன பின் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழப் பழகிவிட்டோம்.

நான் சனிக்கிழமைக் குழுவைக் கலைத்துவிட்டேன். எழுவரையும் மாலை வகுப்பின் பெரிய கூட்டத்தில் ஆளுக்கொரு மூலையாகச் சேர்த்தேன். அதன்பின் இங்கிலாந்திலும் வேல்சிலும் 59 பள்ளிகளில் நடந்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படிக்க நேர்ந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களிடமே, ‘உங்களில் யாரை மதிக்கிறீர்கள், யார் பேச்சு எடுபடும்’ என்று கேட்டு, அதிகம் பேர் குறித்தவர்களை ஆசிரியர்கள் தலையிடாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பின்னர்ப் பத்து வாரம், மேடைப் பேச்சு எதுவுமின்றி, உண்ணும் இடத்திலும் பேருந்திலும் நண்பர்களோடு இயல்பாகப் பேசும்போது புகையைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லிவந்தார்கள். இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்ததில், அப்பள்ளிகளில் புகைப்பழக்கத்தின் வாய்ப்பு ஏனைய பள்ளிகளைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய அற்புதம் அன்று. ஆயினும் சுவரொட்டிகளும் சொற்பொழிவுகளும் இவ்வளவு செய்து நான் கண்டதில்லை.

அதே வினாவை என் மாலை வகுப்பில் கேட்டேன். மாணவர் தலைவனாக உள்ள பையனின் பெயர் முதலில் வரும் என்று எண்ணியிருந்தேன். நானாக இருந்தால் அவனைத்தான் பொறுக்கியிருப்பேன். முடியை ஒழுங்காகச் சீவுபவன், வணக்கம் சொல்பவன். அவனுக்கு மூன்று சீட்டு வந்தது. மிகுதியான சீட்டுகளில் இருந்தது அடுத்த லயத்துப் பையனின் பெயர். அந்த எழுவரில் ஒருவன்.

மறுநாள் மாலை அவனை அழைத்துச் சீட்டுகளைக் காட்டினேன். நெடுநேரம் ஒவ்வொன்றாகப் புரட்டினான். “நானே இன்னும் விடல சார்” என்றான். தெரியும் என்றேன். “அப்புறம் எதுக்கு சார் என்னை?” என்றான். உன்னை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்கள்தாம் எழுதினார்கள் என்றேன். ஒரு சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அந்தக் கையெழுத்து திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்த தாயாருடைய மகனின் கையெழுத்து.